யாரைக் கேட்டு விதைப்பது?

எவரும் விதைக்காமல், எவரும் நீர் பாய்ச்சாமல், எவரும் அறுத்துக் களம் சேர்க்காமல், ஆண்டுதோறும் தானே முளைத்து, கதிர்விட்டு, மண்ணிலேயே உதிர்ந்து, மறு ஆண்டும் முளைக்கின்ற தானியம் ஒன்று மேற்கு ஆசியாவில் உண்டு. பாலஸ்தீனம், யோர்தான், லெபனான், சிரியா, துருக்கி, ஈராக், ஈரான் என்று பிறை வடிவில் வளைந்து செல்லும் நிலப்பரப்பின் மலைச்சரிவுகளிலும், பாறை இடுக்குகளிலும், சாலையோரங்களிலும் அதனைக் காணலாம். காட்டு வாற்கோதுமை என்பது அதன் பெயர். அறிவியலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதி 'தானாய் வருவது' என்று பொருள்படும். கண்ணுக்கு அது வெறும் புல். ஆடு கடித்துவிட்டுப் போகும். வழிப்போக்கர் மிதித்துவிட்டுப் போவர்.

இப்புல்லைப் பற்றி வாசக அன்பர்களோடு சிந்திக்க நாம் விழைவதற்குக் காரணம் உண்டு. வறட்சியைத் தாங்கும் பயிர் ஒன்றைத் தேடி அலைந்த அறிஞர் சிலர், கடைசியில் இரண்டு வாயில்களைத் தட்டினர். ஒன்று, எவரும் மதியாத இப்புல்லின் வாயில். மற்றொன்று, எவரும் கருத்துக் கேளாத உழவரின் வாயில். இரண்டும் திறந்தன. அவ்வாறு திறந்த கதையில், மானாவாரி நிலத்தில் பிறந்த எம் போன்றோர் நெஞ்சைத் தொடும் செய்திகள் பல உள.

உதிர்வதும் உதிராததும்

ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் வாற்கோதுமையைப் பயிரிடத் தொடங்கினான். காட்டுக் கதிரின் இயல்பு, முற்றியவுடன் அதன் அச்சு கணுக்கணுவாய் ஒடிந்து மணிகள் சிதறிவிடுவது. செடிக்கு அது வாழ்வு. கூடை ஏந்தி வந்த மனிதனுக்கோ அது இழப்பு. எங்கோ சில செடிகளில் மரபணு ஒன்று பழுதுற்றது. அவற்றின் கதிர் ஒடியாமல் நின்றது. ஒடியாத கதிரே கூடைக்கு வந்தது. கூடைக்கு வந்ததே மறு ஆண்டின் விதையாயிற்று. அருகருகே அமைந்த இரண்டு மரபணுக்களுள் ஏதேனும் ஒன்று செயலிழந்தாலே போதும், கதிர் உதிராது என்பதை 2015-இல் ஆய்வாளர் தெளிவுபடுத்தினர். அத்துணைச் சிறிய ஒரு பழுதின் மேல் மனித நாகரிகத்தின் பெரும்பகுதி எழுப்பப்பட்டிருக்கிறது. செடி மனிதனை நம்பி உதிர்வதைக் கைவிட்டது; மனிதன் செடியை நம்பி அலைவதைக் கைவிட்டான்.

ஆனால் இவ்வொப்பந்தத்திற்கு ஒரு விலை இருந்தது. மலையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரப்பட்ட செடிகள் சிலவே. அவற்றோடு வந்த மரபுச் செல்வமும் சிறிதே. எஞ்சியது மலையிலேயே நின்றுவிட்டது. உழவன் களை பறித்து, எருவிட்டு, காவல் காத்து வளர்த்த பயிர் மென்மை பெற்றது. எவருமே காவாத உறவினமோ ஆயிரமாயிரம் வறட்சிகளைத் தன்னந்தனியே கடந்து வந்தது. மழை பொய்த்த ஆண்டில் எப்படி உயிர் பிழைப்பது என்பதை அது மறக்கவில்லை. மறந்திருந்தால் இன்று இருந்திராது.

விவிலியம் வாசிப்போருக்கு வாற்கோதுமை புதியதன்று. ரூத்து தன் மாமியாரோடு பெத்லகேம் வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுவடை தொடங்கிய வேளையில்தான். சிறுவன் ஒருவன் கையிலிருந்த ஐந்து அப்பங்கள் வாற்கோதுமை அப்பங்கள் என்பதை நான்கு நற்செய்தியாளருள் யோவான் மட்டுமே குறித்து வைத்தார். கோதுமைக்கு வசதியற்றோரின் உணவு அது. அதே கலிலேயாவின் மேட்டுப் பகுதியில், ரோஷ் பினா என்னும் ஊரருகே, 1906-ஆம் ஆண்டு ஆரோன் ஆரோன்சோன் என்னும் வேளாண் அறிஞர் பாறை இடுக்கொன்றில் காட்டுக் கோதுமையைக் கண்டெடுத்தார். கோதுமையின் மூதாதை எங்கே என்று நெடுநாள் தேடிய உலகிற்கு அது பெருஞ்செய்தியாயிற்று. ஊரின் ஓரத்தில் நின்ற புல், ஊரின் உணவுக்குத் தாயாய் இருந்தது.

மழைக்கும் பாலைக்கும் நடுவே

சிரியா நாட்டின் வடபுலத்தில், அலெப்போ நகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், தெல் ஹதியா என்னுமிடத்தில் பன்னாட்டு வேளாண் ஆய்வு நடுவம் ஒன்று இயங்கி வந்தது. வறண்ட நிலங்களின் வேளாண்மைக்கென 1977-இல் நிறுவப்பட்ட அதனை 'இக்கார்டா' என்று சுருக்கி அழைப்பர். அதன் அருகிலிருந்து தென்கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போகும். முதலில் கோதுமை மறையும்; பின்னர் அவரையினங்கள் மறையும்; பாலைநிலத்தின் விளிம்பில், ஆண்டுக்கு 200 முதல் 300 மில்லிமீட்டர் மழை மட்டும் பெறும் ஊர்களில், வாற்கோதுமை ஒன்றே நிற்கும். வறண்ட சீமை என்று பெயரெடுத்த நம் இராமநாதபுரத்திலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அங்கே பெய்வது குளிர்கால மழை என்பதால் அதன் ஈரம் சற்று நீடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வூர்களின் நிலையை ஊகித்துக்கொள்ள இந்த ஒப்பீடு உதவும்.

அவ்வூர்களில் வாற்கோதுமை பெரும்பாலும் ஆடுகளுக்கானது. மணியும் ஆட்டுக்கு, வைக்கோலும் ஆட்டுக்கு, அறுத்த தாளும் ஆட்டுக்கு. விளைச்சல் அறவே பொய்த்தால் நின்ற பயிரிலேயே மந்தையை மேயவிட்டு இழப்பைக் குறைப்பர். ஆடு பிழைத்தால் குடும்பம் பிழைக்கும். உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த நாட்டு இரகங்கள் இரண்டு. சற்று மழை மிகுந்த பகுதிகளில் வெண்மணியுடைய 'அரபி அபியத்'. மிக வறண்ட பகுதிகளில் கருமணியுடைய 'அரபி அஸ்வத்'.

இந்த நடுவத்தில் வாற்கோதுமைப் பிரிவில் பணியாற்றியவர் சல்வத்தோரே செக்கரெல்லி என்னும் இத்தாலிய அறிஞர். அவரோடு ஸ்தெபானியா கிராண்டோ என்னும் அம்மையாரும் நெடுங்காலம் உழைத்தார். அந்நாளில் உலகெங்கும் வழங்கிய முறை இதுவே: ஆய்வுப் பண்ணையில், நல்ல மண்ணில், உரமிட்டு, களை நீக்கி, ஆயிரக்கணக்கான வகைகளை வளர்ப்பர், மிகுதியாய் விளைந்ததைத் தேர்ந்தெடுப்பர், அதை உழவருக்கு அனுப்புவர். நன்னிலத்தில் முதல்வனாய் வந்தது எங்கும் முதல்வனாய் வரும் என்பது அம்முறையின் நம்பிக்கை. 1980களில் அவர்கள் செய்த ஆய்வுகள் அந்நம்பிக்கையை அசைத்தன. நன்னிலத்தில் முதல் வரிசையில் நின்றவை வறண்ட நிலத்தில் பின்தங்கின. வறண்ட நிலத்தில் தலைநிமிர்ந்தவையோ நன்னிலத்தில் எவர் கண்ணிலும் படாதவை. குளத்தில் நன்றாய் நீந்துபவனைத் தேர்ந்தெடுத்து மலையேற அனுப்புவது போன்றதே பழைய முறை. வறட்சிக்கான பயிரை வறட்சியிலேயே தேட வேண்டும் என்பது அவர்களது முடிவாயிற்று.

எனவே அவர்கள் முதலில் நாட்டு இரகங்களை நாடினர். சிரியா, யோர்தான் நாடுகளின் உழவர் வயல்களிலிருந்து கதிர் கதிராய்த் திரட்டி ஆராய்ந்தனர். 'அரபி அஸ்வத்' என்று ஒரே பெயரில் வழங்கிய கருவாற்கோதுமைக்குள்ளே எத்தனையோ வேறுபாடுகள் இருந்தன. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஓர் இரகத்திற்குத் 'தத்மூர்' என்றும், மற்றொன்றிற்குச் 'சன்பகா' என்றும் பெயரிட்டனர். முன்னது பல்மைரா என்னும் பண்டைப் பாலை நகரின் அரபுப் பெயர்; பின்னது லீலி மலரின் பெயர்.

அடுத்து அவர்கள் நாடியது மலைப்புல்லை. காட்டு வாற்கோதுமையும் நாட்டு வாற்கோதுமையும் நெருங்கிய உறவினங்கள்; தடையின்றிக் கலக்கும். ஆனால் காட்டுத் தாய் தன் நற்குணத்தை மட்டும் தருவதில்லை. கதிர் உதிர்தலும் மணி சிறுத்தலும் கூடவே வரும். ஆகவே பிறந்த கலப்பை மீண்டும் மீண்டும் நாட்டு இரகத்தோடு சேர்த்து, வேண்டாதன கழித்து, வேண்டுவன காத்து, ஆண்டுகள் பல பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுத்தவர்க்குக் கிடைத்த பரிசு வியப்பானது: வறட்சியிலும் குன்றாத உயரம். மழையற்ற ஆண்டில் பிற இரகங்கள் சாண் உயரத்திலேயே குன்றி நின்றபோது, காட்டுக் கலப்பிலிருந்து வந்தவற்றுள் சில உயர்ந்து நின்றன.

உயரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அறிஞரும் முதலில் அதைப் பெரிதாய்க் கருதவில்லை. உழவர்தாம் அதன் பொருளை உணர்ந்திருந்தனர்.

மணியும் தட்டையும்

இவ்விடத்தில் எம் இல்லத்து நினைவு ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். எமது நிலம் கரிசல் மானாவாரி. எம் தந்தையார் இருங்குச் சோளம் விதைப்பார். ஆளுயரத்துக்கு மேல் வளரும்; கருஞ்சிவப்பு மணி சிறிது; விளைச்சல் நடுத்தரம். அறுவடைக்குச் சில நாள் முன்பு அவர் தனியே காட்டுக்குள் போய், கதிர் கதிராய்த் தடவிப் பார்த்து, விதைக்கென்று தேர்ந்தவற்றை மட்டும் அறுத்து வருவார். அவற்றைப் பரணில் கட்டித் தொங்கவிடுவார். அந்தக் கதிர்களை வீட்டில் வேறெவரும் தொடுவதில்லை.

ஓர் ஆண்டு ஊருக்கு வந்த அதிகாரி ஒருவர் புதிய குட்டைச் சோளத்தைப் பரிந்துரைத்தார். இரு மடங்கு மணி விளையும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை; பக்கத்து ஊரில் விளையத்தான் செய்தது. எம் தந்தையார் எழுந்து, "ஐயா, மணி எங்களுக்கு, தட்டை மாட்டுக்கு. இந்தக் குட்டைத் தட்டை ரெண்டு மாசத்துக்குக் கூட வராதே. மாட்டைப் பட்டினி போட்டுட்டு நாங்க எப்படி உழுறது?" என்று கேட்டார். அதிகாரி விடை சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது உடன் வந்தவரிடம், "இவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்றார். அது எம் காதிலும் விழுந்தது. எம் தந்தையார் காதிலும் விழுந்தது. அன்றிரவு அன்னையார் வருந்திப் பேசியபோது தந்தையார் சொன்னது இதுதான்: "அவரு சொன்னதுல தப்பில்ல. அவரு மணியைப் பார்த்தாரு. நான் மாட்டையும் சேர்த்துப் பார்த்தேன்."

தந்தையார் கேட்ட கேள்வி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அது ஓர் ஆய்வுக் கேள்வி என்று எவருக்கும் தோன்றவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் சிரியா நாட்டு ஆய்வைப் பற்றிப் படித்தபோது, ஒரு பக்கத்தில் எம் கண்கள் நின்றுவிட்டன. அங்கேயும் உழவர் அதையே கேட்டிருந்தனர். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே ஒருவர் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

பூச்சியம் முதல் நான்கு வரை

1990களின் நடுவில் செக்கரெல்லியும் அவர்தம் குழுவினரும் துணிவான ஒரு சோதனையைத் தொடங்கினர். வாற்கோதுமையில் 208 வகைகளை எடுத்துக்கொண்டனர். அவற்றை இரண்டு ஆய்வுப் பண்ணைகளிலும், ஒன்பது ஊர்களில் உழவர்தம் சொந்த வயல்களிலும் விதைத்தனர். பண்ணைகளுள் தெல் ஹதியா சற்று மழை மிகுந்தது. ப்ரேதா மழை குறைந்தது. உழவர் வயல்களில் உழவர் எப்படிப் பயிரிடுவாரோ அப்படியே பயிரிடப்பட்டது. கதிர் முற்றும் வேளையில் அறிஞரும் தேர்ந்தெடுத்தனர், உழவரும் தேர்ந்தெடுத்தனர். ஒருவர் தேர்வை மற்றவர் திருத்தவில்லை. பின்னர் அறுத்து நிறுத்துப் பார்த்தனர்.

2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: தத்தம் வயல்களில் மிகுதியாய் விளையும் வகையைக் கண்டறிவதில் உழவர் அறிஞரைவிடச் சற்றே திறம் மிக்கவராய் இருந்தனர். மழை மிகுந்த பண்ணையில் அறிஞர் முந்தினர். மழை குறைந்த பண்ணையிலோ அறிஞர் உழவருக்குப் பின்தங்கினர். பட்டம் பெற்றவருக்குப் பழகிய நிலம் ஒன்று. பசியோடு வாழ்ந்தவருக்குப் பழகிய நிலம் வேறொன்று. இருவருமே தாம் பழகிய நிலத்தில் தெளிவாகக் கண்டனர். இதில் எவருக்கும் இழிவில்லை. ஆனால் வறண்ட நிலத்துக்கான பயிரைத் தேர்ந்தெடுக்கும் அவையில் எவருக்கு இருக்கை வேண்டும் என்ற வினாவுக்கு இதில் விடை இருந்தது.

அதன்பின் சோதனை ஒரு முறைமையாயிற்று. முதல் ஆண்டில் ஓர் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் சிறு பாத்திகளில் விதைக்கப்படும். உழவர் கையில் தாளும் பென்சிலும் கொடுக்கப்படும். ஒவ்வொரு பாத்தியின் முன்னும் நின்று அவர்கள் பூச்சியம் முதல் நான்கு வரை ஓர் எண் இடுவர். பூச்சியம் என்றால் வேண்டாம். நான்கு என்றால் மிக விரும்பத்தக்கது. எழுதத் தெரியாதவர்க்கு உடனிருப்பவர் எழுதிக் கொடுப்பர். அறிஞர் அளந்த அளவுகளும் உழவர் இட்ட எண்களும் ஒருங்கே தொகுக்கப்பட்டு ஊராரின் முன் வைக்கப்படும். எதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வது என்பதை ஊரார் முடிவு செய்வர். தேறியவை இரண்டாம் ஆண்டில் பெரிய பாத்திக்கும், மூன்றாம் ஆண்டில் இன்னும் பெரிய பாத்திக்கும் செல்லும். ஓர் ஊர் கழித்ததை மற்றோர் ஊர் ஏற்கலாம்; எல்லா ஊருக்கும் ஒரே இரகம் என்ற கட்டாயமில்லை. தேர்ந்தவற்றுள் சிறந்தவை அடுத்த சுற்றுக் கலப்புக்குத் தாய்தந்தையராகும். யோர்தான், எகிப்து, துனீசியா, மொரோக்கோ, எரித்திரியா, ஏமன் ஆகிய நாடுகளுக்கும் இம்முறை பரவியது.

உழவர் சொன்னவற்றுள் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். உயரம் வேண்டும் என்றனர். வறட்சியில் குன்றிய பயிரை அறுவடை இயந்திரம் அறுக்க இயலாது. கூலியாள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டும். விளைந்த சிறிதும் கூலிக்கே போய்விடும். தண்டு மென்மையாய் இருக்கட்டும் என்றனர். மென்தண்டு சாயும் என்று அறிஞர் அதைக் கழித்து வந்தனர். சாய்வதற்கு அங்கே மழை ஏது? மென்மையான வைக்கோலை ஆடு விரும்பித் தின்னும் என்பதே உழவரின் கணக்கு. மிக வறண்ட ஊர்களில் கருமணியே வேண்டும் என்றனர். இவற்றுள் ஒன்றேனும் ஆய்வுப் பண்ணையின் தராசில் நிறுக்கத்தக்கதன்று. ஆனால் ஒரு குடும்பம் அந்த ஆண்டு பிழைக்குமா என்பதை இவை முடிவு செய்யும்.

தொடக்கத்தில் வயலுக்கு அழைக்கப்பட்டோர் பெரும்பாலும் ஆடவரே. கையால் கதிர் பிடுங்குவதும், ஆடுகளைப் பேணுவதும், அப்பம் சுடுவதும் மகளிர் பணியாய் இருக்க, அவர்கள் சொல் கேட்கப்படாதது குறையே என்பது பின்னர் உணரப்பட்டு, பெண்களும் அழைக்கப்பட்டனர். கேட்கத் தொடங்கியவர்களும் எவரைக் கேட்கவில்லை என்று மீண்டும் மீண்டும் தம்மை வினவ வேண்டியிருக்கிறது.

கலந்து விதைத்தல்

எரித்திரியாவின் உயர்நிலங்களில் வாற்கோதுமையையும் கோதுமையையும் ஒரே வயலில் கலந்து விதைக்கும் பழைய வழக்கம் உண்டு. 'ஹன்பெட்ஸ்' என்று அதனை அழைப்பர். மழை நன்றாய்ப் பெய்தால் கோதுமை மிகும்; மழை குறைந்தால் வாற்கோதுமை காக்கும். பயிரின் வேறுபாட்டையே காப்பீடாக ஆக்கிக்கொண்ட அறிவு அது. கலப்புக் கூட்டத்தை இயற்கையின் கையிலேயே விட்டுவிட்டால், ஆண்டுக்காண்டு அது அவ்விடத்துக்கேற்பத் தானே தேர்ந்துகொள்ளும் என்பதைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த கோய்ட் சூனெசன் என்னும் அறிஞர் 1956-இலேயே எழுதியிருந்தார்.

2008-இல் செக்கரெல்லியின் குழுவினர் வாற்கோதுமையின் ஏறத்தாழ 1600 கலப்புகளின் விதைகளை ஒன்றாய்க் கலந்தனர். காட்டு உறவினத்தின் குருதியும் அதில் இருந்தது. சிரியா, யோர்தான், ஈரான், எரித்திரியா, அல்ஜீரியா நாடுகளின் உழவருக்கு அக்கலவை அளிக்கப்பட்டது. ஓர் உழவர் அதை விதைத்து, அறுத்து, அதிலிருந்தே மறு ஆண்டுக்கு விதை எடுப்பார். வறட்சி வந்தால் வறட்சியைத் தாங்கியவை மிகும். நோய் வந்தால் நோயை எதிர்த்தவை மிகும். வயலே பள்ளியாயிற்று. கோதுமையிலும் அவ்வாறே அலெப்போவில் ஒரு கலவை உருவாக்கப்பட்டு, 2010-இல் இத்தாலி நாட்டு உழவரின் கைக்குச் சென்றது.

அது தக்க காலத்தில் சென்றது.

விதையைக் காத்தவர்களும் உண்டவர்களும்

2011-இல் சிரியாவில் தொடங்கிய கலகம் உள்நாட்டுப் போராயிற்று. 2012-இல் நடுவத்தின் அயல்நாட்டு அறிஞர் அலெப்போவை விட்டு வெளியேறினர். வட சிரியாவின் சிற்றூர்கள் பல வெறுமையாயின. ஊரார் கூடி எண்ணிட்ட வயல்களின் பணி நின்றது. தெல் ஹதியாவின் விதைக் காப்பகத்தில் ஏறத்தாழ 1,50,000 விதை மாதிரிகள் இருந்தன. காட்டு உறவினங்களும் நாட்டு இரகங்களுமாக, பல இடங்களில் நிலத்திலிருந்தே மறைந்துவிட்ட வகைகளும் அவற்றுள் இருந்தன. நார்வே நாட்டின் வடகோடியில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், உறைபனி மலையின் உள்ளே 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகத்திற்கு அவற்றின் மறுபிரதிகளை அனுப்பும் பணி முன்னரே தொடங்கியிருந்தது. போரின் நடுவிலும் சிரிய ஊழியர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். 2015-இல் அப்பெட்டகத்திலிருந்து முதன்முறையாக விதை திரும்பப் பெறப்பட்டது; பெற்றது அலெப்போவை இழந்த அந்த நடுவமே. சுமார் 38,000 மாதிரிகள் லெபனானுக்கும் மொரோக்கோவுக்கும் வந்து, விதைக்கப்பட்டுப் பெருகி, 2017-இல் ஒரு பகுதி மீண்டும் பெட்டகத்திற்கே அனுப்பப்பட்டது.

இதனை எண்ணும்போதெல்லாம் லெனின்கிராடு நகரம் நினைவுக்கு வருகிறது. 1941 முதல் 1944 வரை முற்றுகையிடப்பட்ட அந்நகரில், நிக்கோலாய் வவிலோவ் என்னும் பேரறிஞர் உலகெங்கும் திரட்டிய விதைகளைக் காத்துநின்ற ஆய்வாளர் பலர், சுற்றிலும் அரிசியும் கோதுமையும் மூட்டை மூட்டையாய் இருக்க, அவற்றைத் தொடாமல் பசியால் இறந்தனர். வவிலோவும் சிறையில் 1943-இல் மாண்டார்.

எம் இல்லத்தில் நடந்தது வேறு. எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில், குதிர் ஒழிந்த ஒரு மாலையில், எம் அன்னையார் பரணில் தொங்கிய விதைக் கதிர்களை இறக்கினார். தந்தையார் திண்ணையில் இருந்தார், தடுக்கவில்லை, உள்ளே வரவும் இல்லை. கதிரைக் கசக்கி, இடித்து, கூழ் காய்ச்சி அன்னையார் எங்களுக்கு ஊற்றினார். நாங்கள் உயிர் வாழ்ந்தோம். அடுத்த ஆண்டு மழை பெய்தது. தந்தையார் கடையில் வாங்கிய விதையை விதைத்தார். அவர் தந்தைக்கும் முந்தையோர் தேர்ந்து தேர்ந்து காத்த அச்சோளம் எங்கள் காட்டில் அதற்குப் பின் விளையவில்லை.

லெனின்கிராடில் விதையை உண்ணாமல் இறந்தவரும், எம் வீட்டில் விதையை இடித்துப் பிள்ளைகளைக் காத்தவரும் ஒரே அறத்தின் இரு கரைகளில் நின்றவர் என்றே நாம் கருதுகிறோம். ஏழை வீட்டில் விதைக்கும் உணவுக்கும் நடுவே ஒரு பரண்தான் இருக்கிறது. அதனால்தான் அவ்விதைக்கு ஊருக்கு வெளியேயும் ஓர் இடம் வேண்டும்; பெட்டகத்திலும் வேண்டும், அயலூர் வயலிலும் வேண்டும். அலெப்போவில் கலந்த கோதுமை, அலெப்போ இடிந்து கிடந்த ஆண்டுகளில் சிசிலித் தீவில் விளைந்துகொண்டிருந்தது. இருங்குச் சோளமும் அற்றுப்போகவில்லை. நம் மாநிலத்தின் வேறு சில கரிசல் ஊர்களில் இன்றும் அதை விதைப்போர் உளர். எம் தந்தையார் கைபட்ட அந்தத் தெரிவுதான் இல்லை.

மலை என்னும் பெயர்

2022-இல் மொரோக்கோ நாட்டிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. சிரியாவின் வறண்ட பகுதியைச் சேர்ந்த காட்டுப் புல் ஒன்றை ரவைக் கோதுமையோடு கலந்து உருவாக்கிய புதிய இரகம் அங்கே அறிமுகமாயிற்று. வறட்சி வாட்டிய ஆண்டுகளில் உழவர் வயல்களில் பல இரகங்களோடு அதுவும் விதைக்கப்பட்டது. பிற வாடியபோது அது நின்றது. தேர்ந்தெடுத்தவர் உழவர், பெயரிட்டவரும் உழவரே. 'ஜபல்' என்றனர், மலை என்று பொருள். போரில் ஊரிழந்த ஆய்வுப் பணி, வேற்று நாட்டில் கதிர் சாய்க்கக் கண்டோம்.

சட்டங்களும் மெல்ல மாறின. பயிர் மரபு வளங்களைப் பற்றி 2001-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை, அவ்வளங்கள் பற்றிய முடிவுகளில் பங்கேற்கும் உரிமை உழவர்க்கு உண்டு என்கிறது. அதே ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவர்க்குள்ள உரிமையை உறுதி செய்கிறது. ஏட்டில் உள்ள உரிமை வரப்புக்கு வந்து சேர வேண்டும்.

அன்பு வாசகரே, இக்கதையில் எம்மை ஆட்கொண்டது புதிய இரகத்தின் விளைச்சலைவிட, அதைத் தேடிய வழியே. கொடுப்பதற்கு நம்மிடையே மனம் உண்டு. ஏழைக்கு அரிசி கொடுக்கிறோம், ஆடை கொடுக்கிறோம், தையல் இயந்திரம் கொடுக்கிறோம், கறவை மாடு கொடுக்கிறோம். இவை நற்செயல்களே. ஆனால் கொடுப்பவர் கை மேலே இருக்கும். கேட்பவர் செவியோ தாழ்ந்து வர வேண்டும். கொடுப்பதைவிடக் கேட்பது கடினமாய் இருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். கருத்துக் கேட்கும்போது, நமக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறோம். தெல் ஹதியாவின் அறிஞர் அதை ஒப்புக்கொண்டதால் அவர்தம் கல்வி குறைந்துவிடவில்லை. அதற்கு வேர் கிடைத்தது.

நம் பங்குகளிலும் ஊர்களிலும் எளியோர்க்கென்று திட்டம் வகுக்கும் குழுக்கள் பல உள. அடுத்த கூட்டத்தில் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் முன்னர், அதைப் பெறப்போகிறவரின் வரப்புக்கோ வாசலுக்கோ நாமே செல்வோம். அவர் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுப்போம். நம் திட்டங்களை ஒவ்வொன்றாய் அவர் முன் வைத்து, பூச்சியம் முதல் நான்கு வரை எண்ணிடச் சொல்வோம். பூச்சியம் விழுந்தால் ஏன் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்வோமாக.